அநாதைகளின் அன்னை மார்கரெட்

படிப்பு முடிந்ததும் ஒரு வேலை கிடைக்க வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நம் வீடுகளில் பெரியோர் பேசிக்கொள்வதுண்டு. அது தவறான ஆசையன்று. வயிறு நிறைந்தால்தான் மற்றவை. ஆயினும், செய்கின்ற வேலை வயிற்றை நிரப்பியும் உள்ளத்தை நிரப்பாமல் போகின்ற நாட்களும் வாழ்க்கையில் வருகின்றன. அத்தகைய நாட்களில் ஒருவர் என்ன செய்ய வேண்டும்? முணுமுணுத்துக்கொண்டே காலந்தள்ளுவதா? வேலையை உதறிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அமர்வதா? அல்லது வேறொரு வழி உண்டா?

இக்கேள்விக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி தம் வாழ்க்கையையே விடையாகத் தந்திருக்கிறார். துணி வெளுத்துக் கூலி வாங்கிய அவர், அந்த வேலையை விட்டு இரண்டு பசுக்களை வாங்கினார். பால் விற்றார், பின்னர் ரொட்டி சுட்டு விற்றார். ஒரு பெரிய நகரத்தின் புகழ்பெற்ற தொழில் முனைவோருள் ஒருவராக உயர்ந்தார். ஈட்டிய பொருள் அத்தனையையும் தாய் தந்தையற்ற சிறுவர்களுக்கே செலவிட்டார். அவர்தாம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மக்கள் இன்றும் போற்றும் மார்கரெட் ஹாகரி அம்மையார். அவருடைய வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இளமையிலேயே அநாதை

மார்கரெட் 1813-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் ஓர் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் பெயர் சார்லஸ் காஃப்னி. அந்நாளில் அயர்லாந்து ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நிலமெல்லாம் பெரும் நிலக்கிழார்களின் கையில் இருந்தமையால், உழைக்கும் மக்கள் வறுமையில் வாடினர். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து செல்வது அங்கே வழக்கமாயிருந்தது. காஃப்னி குடும்பமும் 1818-ஆம் ஆண்டு கப்பலேறி, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பால்டிமோர் துறைமுக நகரை அடைந்தது. அப்போது மார்கரெட் ஐந்து வயதுக் குழந்தை.

புதிய நாட்டில் புது வாழ்வு காணலாம் என்று வந்தவர்களுக்கு நான்கு ஆண்டுகளே அது கிட்டியது. 1822-ஆம் ஆண்டில் அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. தாயும் தந்தையும் அந்நோய்க்கு இரையாயினர். ஒன்பது வயதுச் சிறுமி மார்கரெட், தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்ள அருகில் எவருமின்றி அந்நிய நாட்டில் நின்றாள்.

அவ்வேளையில் ஒரு நல்ல உள்ளம் இரங்கியது. காஃப்னி குடும்பத்துடன் அதே கப்பலில் வந்த ரிச்சர்ட்ஸ் என்னும் அம்மையார், மார்கரெட்டைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். அவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தவர், புராட்டஸ்டண்டு சபையினர். அவரும் அக்காய்ச்சலில் தம் கணவரை இழந்தவர். வேற்றுச் சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய், ஒரு கத்தோலிக்க அநாதைச் சிறுமிக்கு நிழல் தந்தார். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் மார்கரெட் அம்மையார் தம் கொடைக்கு எந்த எல்லையும் வகுக்காமல் இருந்தமைக்கு இதுவே வித்தாக இருந்திருக்கக் கூடும்.

அந்த வீட்டில் மார்கரெட்டுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன, பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. வீட்டு வேலைகளைச் செய்து வளர்ந்த அவர், வாழ்நாள் முழுவதும் எழுதவோ படிக்கவோ அறியாதவராகவே இருந்தார். புத்தகப் பையைச் சுமையென்று நினைக்கும் நமக்கு இச்செய்தி ஒரு நல்ல பாடம்.

இருள் சூழ்ந்த ஆண்டு

1835-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள், பால்டிமோர் பேராலயத்தில் மார்கரெட்டுக்கும் சார்லஸ் ஹாகரி என்பவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. மணமகனும் அயர்லாந்திலிருந்து வந்தவரே. அவருக்கு உடல்நலம் சரியில்லை. குளிர் மிகுந்த இடத்தை விட்டு வெப்பமான ஊருக்குச் சென்றால் உடல் தேறும் என்று எண்ணி, இருவரும் தெற்கே பயணமாகி, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தனர்.

மிசிசிப்பிப் பேராறு கடலில் கலக்கும் இடத்திற்குச் சற்று மேலே அமைந்துள்ள துறைமுகம் நியூ ஆர்லியன்ஸ். பருத்தியும் சர்க்கரையும் அங்கிருந்து உலகெங்கும் சென்றன. 1840-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். அமெரிக்க நகரங்களில் அது அப்போது மூன்றாவது இடம் பெற்றிருந்தது. செல்வம் கொழித்த அந்நகருக்கு ஒரு கறுத்த பக்கமும் இருந்தது. மனிதரை மனிதர் ஏலத்தில் எடுக்கும் அடிமைச் சந்தை அங்கே நடைபெற்றது. வயிற்றுப் பிழைப்புக்காக வந்த அயர்லாந்துத் தொழிலாளர், சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டும் வேலையில் நோய் கண்டு ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற குழந்தைகள் தெருவில் நின்றனர்.

இடம் மாறியும் கணவரின் நோய் நீங்கவில்லை. கடற்பயணம் செய்தால் குணமாகலாம் என்ற ஆலோசனைப்படி அவர் தம் தாய்நாடான அயர்லாந்துக்குப் புறப்பட்டார். சில மாதங்களில், அவர் அங்கே இறந்துவிட்டார் என்ற செய்திதான் வந்தது. துயரம் அத்தோடு நிற்கவில்லை. பிரான்சிஸ் என்று பெயரிட்டு வளர்த்த ஒரே பெண் குழந்தையும் நோயுற்று மறைந்தது. அப்போது மார்கரெட்டுக்கு வயது இருபத்து மூன்று. தாய், தந்தை, கணவர், குழந்தை எல்லோரையும் பறிகொடுத்த அந்த இளம் விதவைக்கு மிஞ்சியவை இரண்டு கைகளும் இறை நம்பிக்கையுமே.

சலவைக் கூலி

அழுதுகொண்டிருந்தால் அடுப்பு எரியாது. மார்கரெட் வேலை தேடினார். அந்நகரின் பெரிய ஓட்டலான செயின்ட் சார்லஸ் ஓட்டலின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. காலை முதல் மாலை வரை விருந்தினரின் துணிகளை வெளுப்பதும் இஸ்திரி போடுவதுமே அவர் தொழில். அந்நாளில் இதற்கெல்லாம் இயந்திரம் கிடையாது. கொதிக்கும் தண்ணீர், காரமான சவுக்காரம், அடுப்பில் காய்ச்சிய கனத்த இரும்பு இஸ்திரிப் பெட்டி. போதாக்குறைக்கு அவ்வூரின் வெக்கை வேறு.

உழைப்புக்கு அஞ்சியவரல்லர் மார்கரெட். சலவைத் தொழிலை அவர் இழிவாகவும் கருதவில்லை. நேர்மையாகச் செய்யும் எத்தொழிலும் உயர்ந்ததே என்பது அவர் வாழ்க்கை முழுதும் காணும் உண்மை. ஆனால் அந்த வேலையில் அவர் உள்ளம் ஒன்றவில்லை. வெளுத்த துணி மறுநாளே அழுக்காகித் திரும்பி வரும். வாங்கிய கூலி தம் ஒருவர் வயிற்றோடு முடிந்துவிடும். வீட்டுக்குப் போனால் பேச ஒரு குரல் இல்லை. யாருக்காக உழைக்கிறோம் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

சலவை செய்யும் இடத்து ஜன்னல் வழியே அவர் வெளியே பார்ப்பதுண்டு. அருட்சகோதரிகள் சிலர், அநாதைக் குழந்தைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு அவ்வழியே செல்வார்கள். அந்தப் பிஞ்சு முகங்களில் அவர் இறந்துபோன தம் மகளைக் கண்டார். பால்டிமோரில் ஆதரவின்றி நின்ற ஒன்பது வயதுச் சிறுமியாகிய தம்மையும் கண்டார். அவர் கேள்விக்குப் பதில் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தது!

அருட்சகோதரி ரெஜிஸ்

அந்தக் குழந்தைகளைப் பேணி வந்தவர்கள் பிறரன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த கன்னியர். இச்சபையை 1809-ஆம் ஆண்டு எமிட்ஸ்பர்க் என்னும் ஊரில் நிறுவியவர் எலிசபெத் ஆன் சீட்டன் அம்மையார். அவரும் கணவரை இழந்த பின்னரே இறைப்பணிக்கு வந்தவர். 1975-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார் என்பதை நாம் அறிவோம். அவருடைய சபைக் கன்னியர் 1830-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் வந்து, அநாதைக் குழந்தைகளின் பராமரிப்பை ஏற்றிருந்தனர். அவர்களின் தலைவியாக இருந்தவர் அருட்சகோதரி ரெஜிஸ் பாரெட்.

மார்கரெட் ஒருநாள் அவரிடம் சென்றார். தம்மால் இயன்ற உதவியைச் செய்ய முன்வந்தார். முதலில் தம் கூலியில் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். ஓய்வு நேரங்களில் இல்லத்துக்குச் சென்று வேலை செய்தார். பிறகு ஓட்டல் வேலையை விட்டுவிட்டு இல்லத்தோடு முழுமையாக இணைந்தார். உள்ளத்தை நிரப்பாத வேலையிலிருந்து அவர் விடுபட்ட விதம் கவனிக்கத்தக்கது. கோபத்தில் அவர் அந்த வேலையை விடவில்லை, சோம்பலாலும் விடவில்லை. போக வேண்டிய இடம் எது என்று நன்கு தெரிந்த பின்பே, இருந்த இடத்தை விட்டார்.

இல்லத்துக்கு நிலையான வருமானம் இல்லை. சகோதரிகளும் குழந்தைகளும் தங்கியிருந்த இடத்தை விட்டு வெளியேற நேர்ந்தபோது, பாழடைந்து கிடந்த ஒரு பழைய வீட்டை மார்கரெட் தேடிப் பிடித்தார் என்றும், பேய் நடமாடும் வீடு என்று ஊரார் ஒதுக்கி வைத்திருந்த அதனை, உரிமையாளரிடம் பேசி வாடகையில்லாமலே பெற்றுத் தந்தார் என்றும் கூறுவர். பேய்க்கு அஞ்சினால் குழந்தைகள் எங்கே உறங்குவது?

இரண்டு பசுக்கள்

குழந்தைகளுக்கு முதலில் வேண்டுவது பால். நாள்தோறும் பாலை விலைக்கு வாங்கக் கையில் பணமில்லை. பிறரிடம் கையேந்துவது எத்தனை நாளைக்கு? மார்கரெட் தம் சேமிப்பைக் கொண்டு இரண்டு பசுக்களையும் பால் கொண்டுசெல்ல ஒரு சிறு வண்டியையும் வாங்கினார். குழந்தைகளின் தேவைக்குப் போக எஞ்சிய பாலை விற்றால், அந்தப் பணத்தில் மற்றத் தேவைகளைக் கவனிக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

அதிகாலையில் பால் கறந்து, வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகச் சென்று ஊற்றினார். பாலை ஊற்றிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பவில்லை. ஓட்டல்களிலும் செல்வர் வீடுகளிலும் மிஞ்சிய நல்ல உணவைக் கேட்டு வாங்கி, அதே வண்டியில் குழந்தைகளுக்குக் கொண்டு வந்தார். சலவைக் கூலிக்காரியாக இருந்த பெண் பால்காரியானாள் என்று அன்று சிலர் நகைத்திருக்கலாம். ஆனால் 1840-ஆம் ஆண்டளவில் அவரிடம் சுமார் நாற்பது பசுக்கள் இருந்தன. நகரில் அவரை அறியாத தெரு இல்லை.

இந்த வளர்ச்சியின் இரகசியம் என்ன? பெரிய முதலீடு எதுவும் அவரிடம் இல்லை. சிறியதாகத் தொடங்கினார், கிடைத்த இலாபத்தைத் தம் சுகத்துக்குச் செலவிடாமல் மீண்டும் தொழிலிலும் குழந்தைகளிடத்திலும் இட்டார். எல்லோருக்கும் நாள்தோறும் தேவைப்படும் பொருளையே விற்றார். வாடிக்கையாளரின் வாசலுக்கே கொண்டு சென்றார். அவரது சொல்லை நகரம் நம்பியது. வாணிகத்தில் முதலைக் காட்டிலும் பெரிய முதல் நம்பிக்கை அன்றோ!

1840-ஆம் ஆண்டு கேம்ப் தெருவில் பெண் குழந்தைகளுக்கான பெரிய அநாதை இல்லம் எழுந்தது. அந்தக் கட்டடத்தின் மீதிருந்த கடனைத் தீர்ப்பதற்கு மார்கரெட்டின் பால் வருமானம் பெரிதும் உதவியது. சில ஆண்டுகளில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, 1845 முதல் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. கூட்டங் கூட்டமாக ஏழைகள் கப்பலேறி நியூ ஆர்லியன்ஸ் வந்து இறங்கினர். அநாதைகளின் தொகை பெருகியது. மார்கரெட்டின் உழைப்பும் அதற்கேற்பப் பெருகியது.

மஞ்சள் காய்ச்சல் மீண்டும்

1853-ஆம் ஆண்டு கோடையில், தம் பெற்றோரைக் கொன்ற அதே மஞ்சள் காய்ச்சலை மார்கரெட் நேருக்கு நேர் சந்தித்தார். அந்த ஓர் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மட்டும் சுமார் 8,000 பேர் அந்நோயால் இறந்தனர். கொசுவே அதனைப் பரப்புகிறது என்னும் உண்மை 1900-ஆம் ஆண்டில்தான் நிறுவப்பட்டது. அதற்கு முன் அந்நோய் எங்கிருந்து வருகிறது, எப்படித் தொற்றுகிறது என்பது எவருக்கும் தெரியாது. வசதி படைத்தோர் ஊரை விட்டு ஓடினர். மார்கரெட் ஓடவில்லை. வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பேணினார். சாகும் தறுவாயிலிருந்த தாய்மார்களுக்கு, அவர்கள் குழந்தைகளைத் தாம் பார்த்துக்கொள்வதாக உறுதியளித்தார். சாதி, சபை, நாடு என்ற பேதம் அவர் பார்க்கவில்லை.

தாயை இழந்த கைக்குழந்தைகள் பலர் எஞ்சினர். வளர்ந்த பிள்ளைகளுக்கான இல்லத்தில் கைக்குழந்தைகளைப் பேணுவது எளிதன்று. அவர்களுக்கென்றே தனி இல்லம் வேண்டும் என்று சகோதரி ரெஜிஸும் மார்கரெட்டும் உறுதி பூண்டனர். புனித வின்சென்ட் தே பவுல் பெயரால் அமைந்த அந்தக் குழந்தைகள் இல்லம் 1862-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கான பொருள் எங்கிருந்து வந்தது? அதற்குள் மார்கரெட் மற்றொரு தொழிலில் இறங்கியிருந்தார்.

நீராவி ரொட்டித் தொழிற்சாலை

நகரில் டாக்கின் என்பவரின் ரொட்டி நிலையம் ஒன்று இருந்தது. மார்கரெட் அதற்குக் கடன் கொடுத்திருந்தார். 1850-களின் பிற்பகுதியில் அந்நிலையம் நொடித்துப் போகும் நிலைக்கு வந்தது. கொடுத்த பணம் மூழ்கிப் போனால் நட்டம் மார்கரெட்டுக்கு மட்டுமா? அவரை நம்பியிருந்த குழந்தைகளுக்குமல்லவா? அவர் அந்த நிலையத்தைத் தாமே ஏற்று நடத்தத் துணிந்தார். பால் பண்ணையை விட்டு ரொட்டித் தொழிலுக்கு மாறினார். மாடுகளை அறிந்தவருக்கு மாவு பிசையும் தொழில் புதிது. நாற்பது வயதைத் தாண்டியவருக்குப் புதுத் தொழில் மேலும் புதிது. ஆயினும் அவர் தயங்கவில்லை.

ரொட்டி மாவை மனிதர் கையாலும் காலாலும் பிசைந்துகொண்டிருந்த காலம் அது. மார்கரெட் நீராவி இயந்திரத்தைக் கொண்டுவந்து, அதன் விசையால் மாவு பிசையச் செய்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நீராவியால் இயங்கிய முதல் ரொட்டித் தொழிற்சாலை அதுவே என்பர். வேலை விரைந்தது, சரக்கு பெருகியது, விலை கட்டுப்படியாயிற்று. எளிதில் கெடாத பிஸ்கோத்துகளைச் செய்து, பொட்டலங்களில் அடைத்து வெளியூர்களுக்கும் அனுப்பினார். எழுத்தறியாத பெண்மணி ஒருவர், படித்த ஆண்கள் பலர் நடத்திய தொழில்களுக்கு இணையாகத் தம் தொழிலை நடத்தினார்.

நகரின் அநாதை இல்லங்களுக்கெல்லாம் மிகக் குறைந்த விலையில் ரொட்டி சென்றது. பல வேளைகளில் விலையே இல்லை. பசியென்று வாசலில் வந்து நின்ற எவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆனால் அவர் ஏமாளியும் அல்லர். முழு ரொட்டியைக் கொடுத்தால் அதை விற்றுக் குடித்துவிடுவோரும் உண்டு என்பதால், இரண்டாக வெட்டியே கொடுப்பாராம். வெட்டிய ரொட்டியை யார் விலைக்கு வாங்குவார்? இரக்கமும் விவேகமும் கைகோத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

தம் தொழிற்சாலையின் வாயிலருகே எளிய உடையில், தோளில் ஒரு சால்வையுடன் அவர் அமர்ந்திருப்பார். ஏழைகள் உதவி கேட்டு வருவார்கள். செல்வர்களும் வணிகர்களும் யோசனை கேட்டு வருவார்கள். இரு சாராருக்கும் அவர் வெறும் மார்கரெட்தான்.

போர்க்காலம்

1861-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டன. 1862-ஆம் ஆண்டு வசந்தத்தில் வடக்கத்திய படை நியூ ஆர்லியன்ஸைக் கைப்பற்றியது. ஜெனரல் பட்லர் என்பவர் ஆட்சிப் பொறுப்பேற்றுக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தார். காவல் எல்லையைக் கடந்து எவரும் போகக்கூடாது. ஆனால் எல்லைக்கு அப்பாலும் பசித்தவர்கள் இருந்தனர். மார்கரெட் ரொட்டியையும் மாவையும் ஏற்றிக்கொண்டு அங்கும் சென்றார். இதனால் ஜெனரலின் முன் நிற்க நேர்ந்தபோதும், ஏழைகள் பட்டினி கிடப்பது எவருடைய விருப்பமாக இருக்க முடியும் என்று அஞ்சாது கேட்டார் என்றும், முடிவில் அவர் அனுமதி பெற்றார் என்றும் அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர்.

அதே 1862-ஆம் ஆண்டில் அவருக்கு மற்றொரு பேரிழப்பு நேர்ந்தது. வழிகாட்டியாகவும் தோழியாகவும் விளங்கிய அருட்சகோதரி ரெஜிஸ் இறைவனடி சேர்ந்தார். துணை நின்றவர் மறைந்தாலும் தொடங்கிய பணி நிற்கவில்லை. மார்கரெட் அம்மையார் அதற்குப் பின்னும் இருபது ஆண்டுகள் உழைத்தார்.

சிலுவைக் குறி

1882-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் நாள் மார்கரெட் அம்மையார் இறைவனில் துயில்கொண்டார். நகரமே துக்கம் கொண்டாடியது. பேராயரும் குருக்களும் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டனர். நகர மேயர் ஊர்வலத்தில் சென்றார். எல்லாரையும்விட முக்கியமாக, பல இல்லங்களிலிருந்து வந்த அநாதைக் குழந்தைகள், வெள்ளையரும் கறுப்பருமாக, தங்கள் அன்னையை வழியனுப்ப நின்றனர். அவர் விருப்பத்துக்கேற்ப, சகோதரி ரெஜிஸின் கல்லறையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய உயிலைத் திறந்து பார்த்தபோது, எஞ்சியிருந்த சொத்து முழுவதும் அநாதை இல்லங்களுக்கு எழுதப்பட்டிருந்தது. கத்தோலிக்க இல்லங்களுக்கு மட்டுமன்று. புராட்டஸ்டண்டு இல்லங்களுக்கும் யூதர்களின் இல்லத்துக்கும் பங்கிருந்தது. உயிலின் அடியில் கையெழுத்து இல்லை. பெயரை எழுதத் தெரியாத அவர் இட்ட ஒரு சிலுவைக் குறியே இருந்தது. வாழ்நாளில் அவர் வழங்கியது ஆறு லட்சம் டாலர் இருக்கும் என்று கணக்கிடுவர். இவ்வளவு வழங்கியவரிடம் இருந்த உடைகளோ மிகச் சில.

நகர மக்கள் சிறுகச் சிறுக நன்கொடை திரட்டி அவருக்குச் சிலை எழுப்பினர். 1884-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், அவர் பாடுபட்ட அநாதை இல்லத்தின் அருகே அது திறந்து வைக்கப்பட்டது. அலெக்சாண்டர் டாயில் என்னும் சிற்பி அதனைச் செதுக்கினார். அமெரிக்காவில் ஒரு பெண்மணிக்கென்று எழுப்பப்பட்ட மிகப் பழைய சிலைகளுள் அதுவும் ஒன்று. மகுடமில்லை, நகையில்லை. சாதாரண நாற்காலியில் சால்வையுடன் அமர்ந்து ஒரு குழந்தையை அணைத்திருக்கும் தாயின் உருவம் அது. பீடத்தில் மார்கரெட் என்ற ஒரு சொல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வூருக்கு அது போதுமானதாக இருந்தது.

நாம் கற்க வேண்டியவை

மார்கரெட் அம்மையாரின் வாழ்வைப் படிக்கும்போது நம் ஊர்ப் பழமொழி ஒன்று நினைவுக்கு வருகிறது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பர். முதலில் நாம் நன்றாக வாழ்வோம், மீதியிருந்தால் கொடுப்போம் என்பது அதன் பொருள். மார்கரெட் அம்மையார் இதனைத் தலைகீழாக மாற்றினார். கொடுக்க வேண்டும் என்பதற்காகவே தொழில் தொடங்கினார். மீதியிருந்ததை வைத்துத் தாம் வாழ்ந்தார். அவருடைய தொழில் வளர்ந்ததற்கும் அதுவே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். தமக்காக மட்டும் உழைத்திருந்தால், இரண்டாவது பசுவோடு அவர் நின்றிருக்கலாம். நூறு குழந்தைகள் காத்திருந்ததால், நாற்பது பசுக்களும் அவருக்குப் போதவில்லை.

வேலையை விட்டுவிட்டு வாணிகம் செய்கிறேன் என்று சொல்வது எளிது. எதை விடுகிறோம் என்பதைவிட எதற்காக விடுகிறோம் என்பதே பெரிது. மார்கரெட் அம்மையார் விட்டது சலவைத் தொழிலைத்தான்; உழைப்பை அன்று. சொல்லப்போனால், முன்னிலும் பன்மடங்கு உழைத்தார். ஆபத்தும் இருந்தது. பசுக்கள் நோயுற்றிருக்கலாம், ரொட்டித் தொழில் நொடித்திருக்கலாம். ஆகவேதான் அவர் சேமித்த பிறகு தொடங்கினார், சிறியதாகத் தொடங்கினார், தொழிலை அணு அணுவாகக் கற்றார். துணிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதன்று என்பதை மாணவியராகிய நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெண் பிள்ளைக்கு நிலையான உத்தியோகம் ஒன்று கிடைத்தால் போதும் என்று நீங்கள் கவலைப்படுவது அன்பினால்தான். ஆயினும் ஒருநாள் உங்கள் மகள் ஒரு சிறு தொழில் தொடங்க வேண்டும் என்று வந்து நின்றால், உடனே தடை சொல்லிவிடாதீர்கள். அது யாருக்குப் பயன்படும், எப்படி நடத்துவாய் என்று மட்டும் கேளுங்கள். அவளிடம் நல்ல பதில் இருந்தால் ஆசீர்வதித்து அனுப்புங்கள்.

நமக்கோ எழுத்தறிவு இருக்கிறது. ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் இருக்கிறார்கள். வீடும் உறவும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றும் இல்லாத ஒரு பெண் இத்தனை செய்தாள் என்றால், எல்லாம் பெற்ற நாம் எவ்வளவு செய்ய வேண்டும்! நாளை எவ்வேலையில் அமர்ந்தாலும், எத்தொழிலைத் தொடங்கினாலும், நம் உழைப்பின் பயன் நம் வாசலோடு நின்றுவிடாமல் அடுத்த வாசலையும் எட்ட இறைவன் அருள்வாராக. வாழ்க மார்கரெட் அம்மையாரின் புகழ்!